மார்கழியிலேயே புறப்படு

தம்பி, இதை மாட்டுக் கொட்டிலுக்கு முன்னால் நின்றபடி, ஒரு கையில் கையுறையோடு வாசிக்காதே. கையைக் கழுவிவிட்டு, மருமகளையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு வாசி. எழுத்துக் கூட்டி வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும். சனிக்கிழமைகளில் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனபோது, வளர்ந்து இதை எங்கே பாவிக்கப் போகிறேன் என்று கேட்டாய். இதோ, இங்கேதான். தொலைபேசியிலும் சொல்லலாம், ஆனால் நீ இடையில் பேசுவாய், நான் குரலை உயர்த்துவேன், அம்மா போனைப் பறித்துக்கொண்டு சாப்பாட்டைப் பற்றிக் கேட்கத் தொடங்குவாள். அதனால் எழுதுகிறேன். எழுதியதை இங்கே லண்டனில், ஈஸ்ட் ஹாமில் நம்மவர்கள் வாசிக்கும் சஞ்சிகைக்கும் கொடுக்கிறேன். அச்சில் வந்துவிட்டால் நாளைக்கு நானே என் சொல்லை மாற்ற முடியாது. நோர்பரியில் இருக்கும் உன் மாமியாரும் வாசிப்பார். அவர் வாசிக்க வேண்டும் என்றுதான் கொடுக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அழைத்தாய். பிள்ளை தைப்பொங்கலை ஒட்டி வரும் என்று டொக்டர் சொன்னதாகச் சொன்னாய். நெப்ராஸ்காவில், கவுண்டி என்று சொல்லும் உங்கள் மாவட்டத்தில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியில் இப்போது பிரசவம் பார்ப்பதில்லை, இரண்டு மணி நேரம் கார் ஓடி அடுத்த பட்டணத்துக்குத்தான் போக வேண்டும் என்பது எனக்கு முன்பே தெரியும். அந்தப் பட்டணத்தில், ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும் தூரத்தில் ஓர் அறை பார்த்ததாகவும், பனி இறுகுமுன் அங்கே போய் இருந்துவிட நினைத்ததாகவும், மாமியார் மறித்துவிட்டதாகவும் சொன்னாய். மார்கழியில் குடி பெயரக் கூடாது, தை பிறக்கட்டும், பிறகு போகலாம் என்று அவர் சொல்லிவிட்டாராம். சொல்லிவிட்டு நீ சிரித்தாய். "அப்பா, உங்களுக்குச் சந்தோசமா இருக்கும். உங்கடை நேரம் பாக்கிற கட்சியிலை இன்னொரு ஆள் சேர்ந்திருக்கு." நான் சிரிக்கவில்லை. பிறகு மருமகள் போனை வாங்கினாள். அவள் வழக்கமாக என்னோடு பாதி ஆங்கிலத்தில் பேசுகிறவள். அன்றைக்கு முழுவதும் தமிழில், மெல்லக் கேட்டாள்: "மாமா, நீங்களும் அப்பிடித்தானே சொல்லுவியள்?"

போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பின்கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துக்குப் போய், மேல்சட்டை இல்லாமல் குளிரில் நின்றேன். அவளுடைய கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம். பதிலுக்கு வருமுன் கொஞ்சம் சுற்றி வருவேன். என் மனக்குறையைச் சொல்லாமல் நான் எதையும் தொடங்கியதில்லை என்று உனக்குத் தெரியும்.

நீ என்னைக் கேளாமல் போனாய். அதை நான் மறக்கவில்லை. மிருக வைத்தியம் படிக்கப் போகிறேன் என்றபோதே எங்கள் கடைத்தெரு ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் எனக்குத் தலை காட்ட முடியவில்லை. மரக்கறிக் கடையில் ஒருவர், "அண்ணை, மோன் டொக்டர் எண்டு சொன்னியள், மாட்டுக்கோ?" என்று எல்லோருக்கும் கேட்க விசாரித்தார். "ஓம், மாட்டுக்குத்தான். மாடு கடன் சொல்லாது" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதையும் பொறுத்தேன். நாய், பூனை பார்க்கும் இடமாக எசெக்ஸ் பக்கத்தில் ஒன்றை எடுத்து இருப்பாய் என்று நினைத்தேன். நீ நெப்ராஸ்காவில், ஆளை விட மாடு பல மடங்கு கூடிய ஒரு கவுண்டிக்கு வேலைக்குப் போவதாக வந்து சொன்னபோது உன் கையில் விசா இருந்தது. கேட்க வரவில்லை, சொல்ல வந்தாய். மகன் தகப்பனுக்குச் செய்தி வாசிப்பதுபோல வாசித்தாய்.

நீ போன பிறகு நான் நூலகத்தில் போய் இருந்தேன். எனக்குப் படிப்பித்தவர்கள் கிடையாது. பெற்றோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, ஆள் வராத நேரத்தில் படித்த ஆங்கிலம்தான். அதை வைத்துக்கொண்டு உன் கவுண்டியைப் படித்தேன். பயப்படும் ஆள் பயப்படும் பொருளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பான் அல்லவா, அப்படி. முதலில் வரைபடத்தைப் பார்த்தபோது நம்பவில்லை. எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பல தடவை உள்ளே வைத்தாலும் இடம் மிச்சம் வரும். ஆனால் அங்கே இருக்கும் சனத்தைவிட, ஒரு சனிக்கிழமை பின்னேரம் அப்டன் பார்க் ஸ்டேஷனிலிருந்து இறங்கி வருகிறவர்கள் அதிகம். ஒரு நீதிமன்றக் கட்டடம், ஒரு நெடுஞ்சாலை, ஒரு காலத்தில் ரயில் ஓடிய பாதை. மிச்சமெல்லாம் புல் மூடிய மணல் குன்று. மலை என்று நினைத்துப் பார்த்தால் மலை இல்லை. காற்று குவித்த மணல், அதன் மேல் ஒரு தோல்போலப் புல். அந்தப் புல்லை ஓர் இடத்தில் கிழித்துவிட்டால் காற்று உள்ளே நுழைந்து குன்றையே தோண்டி எடுத்துவிடும் என்று எழுதியிருந்தார்கள். மணல் என்ன செய்யும் என்று எனக்கு யாரும் எழுதிக் காட்டத் தேவையில்லை. எங்கள் கரையில் மணல் மூடிய கோயிலின் சுவரில் ஏறி நின்று விளையாடியவன் நான்.

வரலாறு அதைவிட மோசம். முதலில் அந்தப் புல்வெளியில் காட்டெருமைக் கூட்டத்தின் பின்னால் வேட்டைக்குப் போன பழங்குடி மக்கள் இருந்தார்கள். அரசாங்கத்தார் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, கையெழுத்தை மீறி, வடக்கே ஒரு மூலைக்கு அவர்களைத் தள்ளினார்கள். இதை வாசித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்சம் வெளியே போய் வந்தேன். பிறகு, குளிர்காலப் புயலில் தொலைந்த மாடுகளைத் தேடிக் குன்றுகளுக்குள் போனவர்கள், செத்திருக்கும் என்று நினைத்த மாடுகள் கொழுத்து, கன்றோடு நிற்பதைக் கண்டார்களாம். அப்படித்தான் மாட்டுக்காரர்கள் உள்ளே வந்தார்கள். பிறகு அரசாங்கம் குடும்பத்துக்கு இவ்வளவு ஏக்கர் என்று நிலத்தைச் சும்மா கொடுத்தது. ஏழைச் சனம் ரயிலில் வந்து இறங்கி, புல்லை வேரோடு மண்ணாக வெட்டி, அந்த மண்கட்டியை அடுக்கி வீடு கட்டி இருந்தது. கறுப்பு மக்களும் வந்து ஒரு குடியிருப்பு அமைத்தார்கள். இன்று அந்த இடத்தை ஒரு பலகைதான் சொல்கிறது. உழுதவர்களின் வயலைக் காற்று தூக்கிக்கொண்டு போயிற்று. பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு நடந்த பிள்ளைகள் பனிப்புயலில் வழி தவறிப் போனார்கள். கொடுத்தது போதாதென்று அரசாங்கம் இன்னும் கூடிய நிலம் கொடுத்துப் பார்த்தது. அதையும் விட்டுவிட்டுப் போனார்கள். தபால் நிலையம் மூடியது, பள்ளி மூடியது, ரயில் நின்றது, கடைசியில் பிரசவ அறை மூடியது. சனம் வருவதும், வெறுமையாவதும், வருவதும், வெறுமையாவதும்தான் அந்தக் கவுண்டியின் கதை. வெறுமையான ஊரிலிருந்து உயிரோடு வந்தவன் பெற்ற பிள்ளை, வெறுமையாகிக்கொண்டிருக்கும் ஊரைத் தேடிப் போயிருக்கிறான்.

போன வசந்தத்தில் நானும் அம்மாவும் வந்தோம். நீ அழைத்ததற்காக வரவில்லை, அம்மா அழுததற்காக வந்தேன். ஒரு கார் மட்டும் போகும் அகலத்தில் தார் போட்ட பாதையில், எதிரே வண்டி வந்தால் ஒரு சில்லைப் புல்லில் இறக்கி ஓடினாய். குன்றுகளுக்கு இடையில் இறங்கினால் உன் போனில் சிக்னல் கோடு ஒன்றும் வரவில்லை. காற்று தோண்டிய பள்ளங்களில் பழைய டயர்களைக் கொட்டி வைத்திருந்தார்கள். மணலைப் பிடித்து வைக்கவாம். பூமியின் ஒரு பெரிய புண்ணுக்குப் பஞ்சு வைத்துக் கட்டுப் போட்டதுபோல இருந்தது. இரண்டாம் நாள், கன்று ஈன முடியாமல் கிடந்த பசுவுக்கு உன்னைக் கூப்பிட்டார்கள், நானும் வந்தேன். தோள் வரை கையை உள்ளே விட்டு, சங்கிலி போட்டு, காலை முட்டுக்கொடுத்து இழுத்தாய். கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. மூக்கில் வைக்கோலைக் குத்தித் தும்ம வைத்தாய். நீ செய்ததைப் பார்த்து எனக்கு என்ன தோன்றியது என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் இரவுச் சாப்பாட்டில், "குளிரிலை றோட்டு மூடினால் என்ன செய்வாய்?" என்று நான் கேட்க, நீ மருமகளைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுச் சொன்னாய்: "ரிலாக்ஸ் அப்பா. நான் எத்தினை கண்டுக்குட்டி இழுத்தெடுத்திருக்கிறன்." அவளும் சிரித்து உன் தோளில் அடித்தாள். நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன். நான் கோபித்துக்கொண்டேன் என்று நீ நினைத்தாய். அது கோபம் இல்லை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. நீங்கள் அப்போதுதான் எடுத்திருந்த வீட்டில் பால் காய்ச்ச வேண்டும் என்று நான் லண்டனிலிருந்தே நேரம் பார்த்துக்கொண்டு வந்தேன். வெள்ளியில் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். அது கழியட்டும், பன்னிரண்டே காலுக்குப் பால் பொங்கட்டும் என்றேன். பக்கத்துப் பண்ணைக்காரி மார்ஜையும் அந்த நேரத்துக்கு வரச் சொன்னீர்கள். பக்கத்து என்றால் மூன்று குன்றுக்கு அப்பால். என் கைக்கடிகாரத்தைப் பார்த்து நான் சொல்ல, அம்மா அடுப்பை மூட்ட, பால் பொங்கி வழிந்தது. எல்லோரும் கும்பிட்டோம். மார்ஜ் வரவில்லை. வெள்ளைக்காரர் சொன்ன நேரத்துக்கு வருவார்கள் என்பதும் பொய்தான் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து அந்த மனுசி சேறு படிந்த வண்டியில், மடியில் ஆப்பிள் பலகாரத்தோடு வந்து இறங்கினார். பிந்திவிட்டதென்று நான் மணிக்கூட்டைக் காட்ட, அவர் தன்னுடையதைக் காட்டினார். பன்னிரண்டே கால். உங்கள் கவுண்டிக்கு நடுவே நேரக்கோடு ஓடுகிறதாம். நீதிமன்றம் இருக்கும் கிழக்குப் பக்கத்தில் ஒரு நேரம், உங்கள் வீடு இருக்கும் மேற்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் பின்னால். வேக நேரம், மெதுவான நேரம் என்று அவர்கள் பேச்சில் சொல்கிறார்கள். நான் முதல் இரவு தங்கிய விடுதியில் கடிகாரத்தைத் திருத்தியவன்; அது கிழக்கு. ஆகவே உங்கள் பால் பொங்கியது பதினொன்றே காலுக்கு. ராகுகாலத்தின் சரி நடுவில். நான் உன்னைப் பார்த்தேன். உன் போனில் சரியான நேரம் இருந்திருக்கும். "தெரியும் அப்பா," என்றாய். "நீங்கள் ஆசையா நிண்டீங்கள். அதான் சொல்லேல்லை."

மறுநாள் என்னை அந்தக் கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ என்றேன், நீ கூட்டிப் போனாய். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பலகை, அவ்வளவுதான். இந்தப் பக்கமும் புல், அந்தப் பக்கமும் புல். ஒரு மாடு வேலிக்கு உள்ளே நின்று எங்களைப் பார்த்தது. நான் பலகைக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன், இந்தப் பக்கம் வந்து நின்றேன். ஒரே வெயில், ஒரே காற்று. அங்கே ராகுகாலம், இங்கே இல்லை. நீ காருக்குள் இருந்து கைகாட்டிச் சிரித்தாய், படமும் எடுத்தாய். அந்தப் படத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். குளிருக்கு என்று நீ நினைத்திருப்பாய். கையில் இருந்த கடிகாரம் படத்தில் விழாமல் மறைக்கத்தான் கட்டினேன். ஆஸ்பத்திரிப் பட்டணமும் அந்தக் கோட்டுக்குக் கிழக்கேதான். உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணிக்குப் புறப்பட்டால் அங்கே போய்ச் சேரும்போது மணி நாலு. இரண்டு மணி ஓட்டம், ஒரு மணி மாயம். அது வெறும் மணிக்கூட்டுக் கணக்கு, உண்மையில் நேரம் போவதில்லை என்று நீ விளங்கப்படுத்தினாய். விளங்கியது. ஆனாலும் பாதையில் ஒரு மணி நேரத்தை விழுங்கும் ஓர் இடத்தைத் தாண்டித்தான் என் மருமகள் நோவோடு போக வேண்டும் என்பதை என் உடம்பு ஏற்கவில்லை.

மார்ஜ் அன்றைக்குச் சொன்ன ஒன்றை நீ கவனித்திருக்கமாட்டாய். நீ பலகாரத்தை வெட்டிக்கொண்டிருந்தாய். மருமகள் அப்போது பிள்ளைத்தாச்சி இல்லை, சும்மாதான் கேட்டாள், இங்கே பெண்கள் பிள்ளை பெற என்ன செய்வார்கள் என்று. மார்ஜின் தாயும், மாமியாரும், மார்ஜும், பனிக்காலத்துப் பிள்ளை என்றால் நாள் நெருங்குமுன்பே பட்டணத்துக்குப் போய், அங்கே தெரிந்தவர் வீட்டிலோ வாடகை அறையிலோ காத்திருப்பார்களாம். கணவன் மாட்டைப் பார்த்துக்கொண்டு பண்ணையில் இருப்பான். போகாமல் இருந்தவர்களும் உண்டா என்று அம்மா கேட்கச் சொன்னாள். நான் கேட்டேன். மார்ஜ், குன்றுக்கு மேலே கம்பி வேலி போட்ட சின்ன மயானத்தைத் தாண்டித்தானே வந்தீர்கள் என்று மட்டும் கேட்டார். நான் அந்த மயானத்தைப் பார்த்திருந்தேன். சின்னக் கற்களைப் பார்த்திருந்தேன்.

இனி நான் சொல்ல வருவதை உனக்கு நானோ அம்மாவோ முழுதாகச் சொன்னதில்லை. உனக்கு முன் ஓர் அக்கா இருந்தாள் என்று தெரியும். பிறந்து தங்கவில்லை என்ற அளவில் தெரியும். எப்படி என்று நீ கேட்டதில்லை, நாங்கள் சொன்னதில்லை. அது ஒரு திங்கட்கிழமை. நாங்கள் கரையோரத்தில் இருந்தோம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஒரே தெரு. சண்டை நாட்கள், இன்றைக்குத் திறக்கும் தெரு நாளைக்குத் திறக்குமா தெரியாது. விடியற்காலையில் அம்மாவுக்கு நோ தொடங்கியது. மண்ணெண்ணெயில் ஓடும் பழைய கார் ஒன்றைப் பேசி, அது ஏழு மணிக்கே வாசல் படலையில் வந்து நின்றது. தெரு திறந்திருக்கிறது என்று சாரதி சொன்னார். உடுப்புப் பையைத் தேடி, வெந்நீர்ப் போத்தலைத் தேடி, ஏழரை ஆகிவிட்டது. திங்கள் ஏழரையிலிருந்து ஒன்பது. தலைப்பிள்ளைக்குப் போகும் பயணம், ராகுகாலம் கழியட்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள். எவரும் மறுக்கவில்லை. மறுக்கிற வழக்கமே இல்லை. நோவும் அப்போது பெரிதாக இல்லை. சாரதி எஞ்சினை நிறுத்திவிட்டு மதிலில் சாய்ந்து பீடி குடித்தார். எட்டரைக்கு ஷெல் விழத் தொடங்கியது. ஒன்பது மணிக்கு நாங்கள் காரில் ஏறினோம், சந்தி வரை போனோம், தெரு மூடியிருந்தது. பிறகு கடற்கரை மணலில் உழவு இயந்திரத்தில் ஏற்றிச் சுற்றிக்கொண்டு போனோம். அது மணலில் புதைந்தது. இருள் கவியும் மம்மல் பொழுதில், வழியில் ஒரு மீனவர் வீட்டில், அந்த வீட்டுப் பெண்கள் பார்க்கப் பிள்ளை பிறந்தாள். அழவில்லை. அம்மா பிழைத்ததே பெரிது என்றார்கள்.

இதை வாசிக்கிறவர்கள், அதோடு இவன் ராகுகாலத்தைத் தூக்கி எறிந்திருப்பான் என்று நினைப்பார்கள். இல்லை. அதன் பிறகுதான் நான் அதை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். நீ அனுபவித்தவன், உனக்குத் தெரியும். பரீட்சைக்கு உன்னை இருட்டோடு எழுப்பி, ராகுகாலத்துக்கு முன்பே புறப்பட்ட கணக்காக வீட்டுக்கு வெளியே நிறுத்தினேன். ஏழு நாளின் ராகுகாலத்தையும் பள்ளி வாய்ப்பாடு போல ஒப்பிக்க வைத்தேன். உன் கலியாணத்தில் மண்டபக்காரனோடு பத்து நிமிடத்துக்காகச் சண்டை பிடித்தேன். அன்றைக்குத்தான் உன் மாமியார் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருப்பார். ஏன் அப்படி இருந்தேன் என்று அந்த நேரப் பலகைக்குக் கீழே நிற்கும்போதுதான் யோசித்தேன். நேரம் என்று ஒன்று உண்மையில் இருந்தால், அன்றைக்கு நாங்கள் காத்திருந்ததற்கு ஓர் அர்த்தம் இருக்கும். நல்லதற்குத்தான் செய்தோம், விதி வேறாக இருந்தது என்று சொல்லலாம். அப்படி ஒன்று இல்லையென்றால், கார் படலையில் நின்றது, தெரு திறந்திருந்தது, நாங்கள் சும்மா இருந்தோம். திரும்பி வந்து கோயில் ஐயரிடம் கேட்டேன். "மணிக்கூட்டைப் பாத்து ராகுகாலம் சொல்லேலாது, அது சூரியன் உதிச்சதிலை இருந்து எண்ணவேணும், ஊருக்கு ஊர் மாறும்" என்றார். அப்படியானால் அந்தத் திங்கட்கிழமை ராகுகாலம் எங்கள் கரையில் எத்தனை மணிக்கு முடிந்திருக்கும் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன். அந்தக் கணக்கை நான் முடிக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் தோட்டத்தில் நின்றபோது அம்மா பின்னால் வந்தாள். இத்தனை காலத்தில் அவள் அந்த நாளைப் பற்றி என்னோடு பேசியதில்லை. நான் நேரம் பார்க்கும்போதெல்லாம் பேசாமல் சாமி அறையைத் துடைப்பாள், அவ்வளவுதான். என் மேல்சட்டையைக் கொண்டுவந்து தோளில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, அண்டைக்கு ஒண்டரை மணித்தியாலம் இருந்தனாங்கள். இந்தப் பிள்ளையை ஒரு மாதம் இருக்கச் சொல்லப் போறியளோ?" நான், அது வேறு இது வேறு, அங்கே சண்டையா நடக்கிறது என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. "பனிக்குச் சண்டை தெரியுமோ, சமாதானம் தெரியுமோ," என்றாள். "றோட்டு மூடினால் மூடினதுதான்." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைத் திறந்தே விட்டுவிட்டாள்.

ஆகவே கேள். மருமகள் கேட்ட கேள்விக்கு என் பதில்: இல்லை மகள், நான் அப்படிச் சொல்லமாட்டேன். மார்கழி பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் அந்த அறைக்குப் போங்கள். செவ்வாய் என்று பார்க்காதே, அட்டமி என்று பார்க்காதே. தெரு திறந்திருக்கிறதா என்று மட்டும் பார். காலையில் வானத்தைப் பார், கவுண்டிக்காரர் தெருவைப் பற்றிச் சொல்வதைக் கேள், மார்ஜிடம் கேள், புறப்படு. நீ அங்கேயே நின்று மாடு பார்க்க வேண்டுமென்றால் நில். அவளைத் தனியே விடாதே, நாங்கள் இருப்போம். காரில் எண்ணெய் பாதிக்குக் கீழே போக விடாதே. கம்பளியும், தண்ணீரும், மண்வெட்டியும் பின்னால் இருக்கட்டும். கன்று இழுத்த கதையை அவளுக்கு இனிமேல் சொல்லாதே. அவள் சிரிப்பாள், ஆனால் தனியே இருக்கும்போது அதை நினைப்பாள்.

சம்பந்தி அம்மா, இது உங்களுக்கு. உங்கள் மகளின் நன்மைக்குத்தான் சொன்னீர்கள். எங்கள் வீட்டிலும் நன்மைக்குத்தான் சொன்னார்கள். மார்கழியில் குடி போகக் கூடாது என்பது பொய் என்று நான் எழுதவில்லை. என் வாயால் அது வராது. பிள்ளை பிறந்து, தை பிறந்து, அவர்கள் சொந்த வீட்டுக்குத் திரும்பும்போது நல்ல நேரம் நீங்களே பாருங்கள், நான் ஒரு சொல் மறுக்கமாட்டேன். சூரியன் உதிப்பதை வைத்து எண்ணச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்து மணிக்கூடு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி, நீ அந்தக் கவுண்டிக்குப் போனது பிழை என்ற என் எண்ணம் மாறவில்லை. மணலுக்கு மேல் வீடு, பாதிப் பாதையில் நேரம் மாறும் தெரு, பிள்ளை பெற இடமில்லாத ஊர். இதை உன் பிள்ளைக்கும் சொல்லுவேன், வளர்ந்து கேட்கட்டும். இனி அங்கே கால் வைக்கமாட்டேன் என்று போன முறை விமான நிலையத்தில் சொன்னதும் உனக்கு நினைவிருக்கும். உன் வீட்டில் வைக்கவில்லை. நேரே பட்டணத்து அறைக்குத்தான் வருகிறோம். நானும் அம்மாவும். அம்மா மருந்துச் சரக்கு வறுத்து இடித்துப் போத்தலில் அடைத்துவிட்டாள், பிள்ளைப்பெற்றவளுக்குக் கொடுக்க. விமானத்துக்குப் பதிந்துவிட்டோம். மார்கழி, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்றரை. செவ்வாயில் மூன்றிலிருந்து நாலரை என்னவென்று சின்ன வயதில் ஒப்பித்தவன் நீ. காலையிலும் ஒரு விமானம் இருந்தது. பயண முகவர் அதைத்தான் முதலில் காட்டினார். நான்தான் மற்றதைப் போடச் சொன்னேன். அது கிளம்பும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வேன்.

அறைச் சாவியை எடுத்து வை. பால் காய்ச்ச வேண்டாம். தேத்தண்ணிக்கு மட்டும் கொஞ்சம் வாங்கி வை.

அப்பா